வெயிட்டிங் ரூமில் ஒரு ‘சும்மா’

கோபத்தில் இருக்கும்போது எழுத உட்காராதே என்பார்கள். சரி, பொறுத்துப் பார்ப்போம் என்று பத்து நாள் பொறுத்தேன். ஆறவில்லை. இன்னும் பத்து நாள் போனாலும் ஆறுகிற மாதிரி தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

விஷயம் ரொம்பச் சின்னது. என் கம்ப்யூட்டரில் ஒரு வீடியோ மீட்டிங் சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். ஊர் உலகமே செய்கிற வேலை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் என்னுடையது லினக்ஸ்; கம்ப்யூட்டரோடு காசுக்கு வருவதற்குப் பதிலாக, இலவசமாக ஏற்றிக்கொள்கிற இயங்குதளம். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வைரஸ் புகுந்து என் எட்டுக் கட்டுரைகளைத் தின்றுவிட்டுப் போனது. அந்த ஆத்திரத்தில் பழையதையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு நானே லினக்ஸை ஏற்றிக்கொண்டேன். யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாம், என் வீட்டுச் சாவி என்னிடம் என்று இதே இடத்தில் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். அப்போது கேலி செய்து கடிதம் எழுதியவர்கள் இன்றைக்குத் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

மீட்டிங் எனக்கில்லை. அமலாவுக்கு.

புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள் அமலா. அவள் கணவன் சேகர் செய்யூர்ப் பக்கத்து ஆள்; அணுபுரத்தில் வீடு வீடாகப் போய் ஏசி ரிப்பேர் பார்க்கிறான். அமலாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வராது. கைதான் பேச்சு. புருஷனும் பெண்டாட்டியும் சைகையில் சண்டை போடுவதை மொட்டைமாடியில் பார்த்திருக்கிறேன்... அவ்வளவு வேகமாக வாயால்கூட யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. என்னோடு பேசுவது வாட்ஸ்அப்பில்.

மறைமலை நகர்ப் பக்கம் அவள் தைத்துக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவள் மூலையில் உட்காரவில்லை. டேட்டா என்ட்ரி படித்தாள். நாவலூரில் ஒரு பெரிய ஆபீஸுக்கு விண்ணப்பித்தாள். எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று இரண்டே இடம். கடைசிக் கட்டமாக வீடியோவில் இருபது நிமிட நேர்காணல். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அவளுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். அதாவது, விட்டால் போயிற்று.

“போனிலேயே சேர்ந்துவிடலாமே?” என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். சேகர் தலையில் அடித்துக்கொண்டான்.

“அட நீ வேறக்கா! போன வாரம் அறிமுகக் கூட்டம்னு ஒண்ணு வெச்சாங்கோ. போன்லதான் பார்த்துச்சு. ஜெனிபர் மேடம் கையால சொல்லிக்கினேதான் கீறாங்கோ. ஆனா அவங்க கட்டமே காணாப்பூடுது. எவன் பேசுறானோ அவன் மூஞ்சி மட்டும் பெருசா வருது. பேஜாராப் பூட்ச்சு.”

ஜெனிபர் சைகை மொழிபெயர்ப்பாளர். ஆபீஸ்காரர்கள் வாயால் கேட்பதை இவர் கையால் அமலாவுக்குச் சொல்வார். அமலா கையால் சொல்வதை வாயால் அவர்களுக்குச் சொல்வார். இந்த வீடியோ மீட்டிங் சமாச்சாரங்கள் எப்படி வேலை செய்கின்றன தெரியுமா? யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களைப் பெரிதாகக் காட்டும். சத்தம் இல்லாதவர்களை ஓரம்கட்டிவிடும். சின்னத் திரை என்றால் ஒரேயடியாக மறைத்தே விடும். கையால் பேசுகிறவருக்கு ஏது சத்தம்? இதைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் ஒருவருக்காவது இது தோன்றியிருக்காதா? சத்தம் போடுகிறவன்தான் முக்கியமானவன் என்று மெஷினுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். வேறு யார்?

பெரிய திரையில் ஜெனிபரின் கட்டத்தை நகராமல் நிறுத்திவைத்துக்கொள்ளலாம். அதனால்தான் என் கம்ப்யூட்டர்.

நேர்காணல் பதினோரு மணிக்கு. லிங்க் எப்போது வந்தது? அன்று காலை ஒன்பது இருபதுக்கு! முதல் நாளே அனுப்பினால் என்ன, கை சுளுக்கிக்கொள்ளுமா?

லிங்க்கைத் தட்டினேன். ‘எங்கள் ஆப்பை நிறுவுங்கள்’ என்றது. பிரவுசரிலேயே சேர வழி உண்டா என்று துழாவினேன். உண்டு, ஆனால் மீட்டிங் நடத்துகிறவர்கள் அதை மூடிவைத்திருக்கிறார்கள். வேறு வழியில்லை என்று ஆப்பைத் தேடிப் போனேன். அங்கே மற்ற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பட்டை பட்டையாக நீலப் பட்டன். லினக்ஸுக்கு? பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் ஒரு வரி.

அதைத் தட்டினால் ஒரு கேள்வி. ‘உங்கள் லினக்ஸ் எது?’

லினக்ஸில் பல வகை உண்டு; அங்கே இருந்தவை எட்டுப் பெயர்கள். என்னுடையது அதில் இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று கேட்டால் பதில் சொல்லலாம். எட்டு வீட்டில் எந்த வீடு என்றால்? குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டினேன். இறங்கியது. திறக்கவில்லை. அந்தக் கோப்பின் பெயர் மூன்றெழுத்தில் முடிகிறது. என் லினக்ஸுக்கு வேறு மூன்றெழுத்து வேண்டுமாம். மறுபடி இன்னொன்று. இந்தத் தடவை எழுத்து சரி. இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு ஜன்னல் திறந்தது, ஒரு வட்டம் சுற்றியது, ஜன்னல் மூடிக்கொண்டது. முடியாது என்றாவது சொல்ல வேண்டாமா? ஒரு வார்த்தை இல்லை.

மணி பத்து. சேகர் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அமலா இஸ்திரி போட்ட புடவையில், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிற மன்றங்கள் இணையத்தில் உண்டு. அங்கே போய்த் தேடினேன். என் பிரச்சினையையே அச்சு அசலாக ஒருவர் கேட்டிருந்தார். அப்பாடா என்று பதில்களைப் படித்தேன். முதல் பதில்: ‘அந்த சாஃப்ட்வேர் உங்களுக்கு எதற்கு? அது சுதந்திரமான மென்பொருள் அல்ல, ஒரு கம்பெனியின் சொத்து.’ இரண்டாவது பதில்: ‘சரியாகச் சொன்னீர்கள்.’ மூன்றாவது பதில், முதல் பதிலுக்கு ஒரு பக்கம் பாராட்டு. எட்டாவது பதில் வரை இதே கதை.

ஐயா சாமிகளா! தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனிடம் நீர் மேலாண்மை பற்றிப் பாடம் எடுப்பீர்களா? எந்த ஆப்பில் நேர்காணல் நடத்த வேண்டும் என்று வேலை கேட்டுப் போகிறவளா முடிவு செய்கிறாள்? உங்கள் கொள்கை உயர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அதே கொள்கைதான். அதற்காக எட்டுப் பேர் கூடி ஒருவரைக்கூடக் கரையேற்றாமல் விட்டால் அந்தக் கொள்கையை வைத்து யாருக்கு என்ன லாபம்?

ஒன்பதாவதாக ஒரு மகராசன் மட்டும் பதில் எழுதியிருந்தார். ‘டெர்மினலைத் திற. இந்த வரியை ஒட்டு. கடவுச்சொல்லைக் கொடு.’ இவர் நன்றாக இருக்க வேண்டும்.

டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தேன். வரியை ஒட்டினேன். கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். அந்தத் திரையில் கடவுச்சொல் அடித்தால் எழுத்து தெரியாது. நட்சத்திரம், புள்ளி எதுவுமே தெரியாது. அது அப்படித்தான்.

“அக்கா, கீபோர்டு வயரு புட்டுக்கிச்சா? ஒண்ணியும் வரலியே?”

“வராது சேகர். அதோட வழக்கம் அது.”

‘தவறான கடவுச்சொல்’ என்றது.

மறுபடி அடித்தேன். தவறு. மூன்றாவது தடவை, ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலில். தவறு. விரட்டிவிட்டது.

நான்கு வருடமாகத் தினமும் அடிக்கிற கடவுச்சொல் எனக்கு எப்படி மறக்கும்? வயதாகிவிட்டதா? “நீ டென்ஷன் ஆவாதக்கா” என்று சேகர் சொல்லச் சொல்ல எனக்கு அவன் மேலேயே எரிச்சல் வந்தது.

அமலா என் தோளைத் தட்டினாள். திரையின் மேல் மூலையைக் காட்டினாள். அங்கே மிளகு அளவில் ஒரு ‘த’.

தமிழ் விசைப்பலகை! அன்று விடியற்காலையில் அந்த வாரத்துப் பத்தியை எழுதி முடித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றாமலே எழுந்து போயிருக்கிறேன். மூன்று தடவையும் என் கடவுச்சொல் தமிழில் விழுந்திருக்கிறது. என்னென்ன கெட்ட வார்த்தையாக விழுந்ததோ, கண்ணுக்குத் தெரியாததால் தப்பித்தேன். தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற பாக்கியம் இது.

ஆங்கிலத்துக்கு மாற்றி அடித்தேன். ஏற்றுக்கொண்டது. வரிசை வரிசையாக எழுத்து ஓடியது. நடுவில் ஏதோ ஒரு துணைக்கோப்பு இல்லை என்று முரண்டு பிடித்தது. ஒன்பதாவது மகராசன் அதற்கும் ஒரு வரி எழுதிவைத்திருந்தார். பத்து நாற்பத்தைந்துக்கு சாஃப்ட்வேர் ஏறிவிட்டது. கேமராவில் எங்கள் மூவர் முகமும் தெரிந்தபோது சேகர் கை தட்டினான். பத்து ஐம்பத்தைந்துக்கு, அமலா நாற்காலியில் வந்து உட்காருவதற்குள், நானே அவசர அவசரமாக ‘சேர்’ என்பதை அமுக்கினேன்.

‘வெயிட்டிங் ரூமில் இருக்கிறீர்கள். விரைவில் உள்ளே அனுமதிப்பார்கள்’ என்று வந்தது. காத்திருந்தோம்.

மணி பதினொன்று. பதினொன்று மூன்று. பதினொன்று ஐந்து. அமலா தலைமுடியைச் சரிசெய்தாள். மறுபடி சரிசெய்தாள். இருபது நிமிடத்தில் ஐந்து போய்விட்டது.

சேகர் பொறுக்க முடியாமல் அந்த ஆபீஸ் நம்பருக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில்தான் போட்டான். அந்த உரையாடலை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

“சார், நாங்க உள்ள வெயிட் பண்ணிட்டுதான் இருக்கோம். கேண்டிடேட் இன்னும் ஜாயின் பண்ணலை.” ஒரு இளம்பெண் குரல்.

“பண்ணிக்கினுதான் கீறாங்கோ மேடம். நீங்கதான் வெளியில நிக்க வெச்சிருக்கீங்கோ.”

“அவங்க பேர்ல யாரும் வரலை சார். நீங்க யார் பேசறீங்க?”

“அவங்க புருசன் பேசுறேன்.”

“சாரி சார். தேர்ட் பார்ட்டிகிட்ட டிஸ்கஸ் பண்ண பாலிசி கிடையாது. கேண்டிடேட்கிட்ட போனைக் குடுங்க.”

“இன்னா மேடம் பேசுறீங்கோ? அவங்களுக்குக் காது கேக்காது. அதுக்குன்னு இருக்கிற சீட்டுக்குத்தான கூப்ட்டுக்கீறீங்கோ?”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம்.

“புரியுது சார். ஆனா ஜஸ்ட் ரெண்டு வார்த்தை, அவங்களையே பேசச் சொல்லுங்களேன். வெரிஃபிகேஷனுக்கு.”

எனக்கு ரத்தம் கொதித்தது என்று எழுதினால் வழக்கமாக எழுதுகிற வாசகம் என்று தாண்டிப் போய்விடுவீர்கள். நிஜமாகவே காது மடல் சுட்டது. அந்தப் பெண் கெட்டவள் இல்லை. குரலில் மரியாதை இருந்தது. ‘புரியுது சார்’ என்றும் சொன்னாள். அதுதான் ஆற்றாமை. புரிந்த பிறகும் பாலிசியைத் தாண்ட அவளால் முடியவில்லை. புரியாதவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். புரிந்தவர்களிடம் என்ன சொல்வது?

சேகர் போனை வைத்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. அமலா அவன் முகத்தைப் பார்த்து ‘என்ன?’ என்று கையை விரித்தாள். அவன் சைகையில் சொன்னான். எனக்குச் சைகை தெரியாது. ஆனால் அவன் வாயைத் தொட்டதும், காதைத் தொட்டதும், கையை உதறியதும் எனக்கே புரிந்தது.

அமலா கோபப்படவில்லை. தன் போனை எடுத்தாள். ஏற்கெனவே மீட்டிங்குக்குள் உட்கார்ந்திருக்கும் ஜெனிபரை வாட்ஸ்அப்பில் வீடியோ காலில் கூப்பிட்டாள். ஒரு கையில் போன், மறு கையால் நாலு சைகை. அந்தப் பக்கத்திலிருந்து ஜெனிபரும் சைகையில் பதில் சொன்னார். சேகர் எனக்காக அதை வாய்விட்டுச் சொன்னான்.

“உள்ள அமலான்னு யாரும் வரலியாம்க்கா... வெளில ஒர்த்தன் மட்டும் ரொம்ப நேரமா நின்னுகினு கீறானாம்... எவனோ வெளையாடுறான்னு வுட்டுட்டாங்களாம்... பேரு வந்து... இன்னாது? ‘சும்மா’வா?”

‘சும்மா’ நான்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் லினக்ஸை ஏற்றும்போது ‘உங்கள் பெயர்?’ என்று கேட்டது. இது ஒத்துவருமா, வராதா என்றே தெரியவில்லை, சும்மா போட்டுப் பார்ப்போம் என்று அங்கே ஆங்கில எழுத்தில் ‘சும்மா’ என்று அடித்தேன். அப்புறம் அதை மாற்றவே இல்லை. நாம் எதைத்தான் மாற்றுகிறோம்? தற்காலிகமாகக் கட்டிய கொட்டகையில்தானே பாதித் தமிழ்நாடு ஓடுகிறது! இந்தப் புது சாஃப்ட்வேர் என்னைக் கேட்காமலே அந்தப் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. நானும் கவனிக்காமல் ‘சேர்’ என்று அமுக்கித் தொலைத்திருக்கிறேன்.

இத்தனை நேரம் உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தேன் இல்லையா? இப்போது யாரைத் திட்டுவது? ஒரு பெண்ணின் பதினோரு நிமிடத்தை நான் தின்றிருக்கிறேன். அமலாவிடம் மன்னிப்புக் கேட்கச் சைகைகூட எனக்குத் தெரியவில்லை. கும்பிட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்க்கச் சொன்னாள்.

ஜெனிபர் உள்ளே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வெயிட்டிங் ரூம் கதவு திறந்தது. மூன்று அதிகாரிகள், ஜெனிபர், அந்த இளம்பெண். அமலா முதல் வேலையாக ஜெனிபரின் கட்டத்தைப் பெரிதாக்கி நிறுத்திக்கொண்டாள். நடுவில் இருந்தவர், அடுத்தவர் காத்திருப்பதால் நேரத்தை நீட்டிக்க முடியாது என்றார். மீதி ஒன்பது நிமிடம். நானும் சேகரும் கேமராவில் தெரியாமல் கதவோரமாக நின்றோம்.

தமிழ் தெரியாத ஒருவர் சிரித்துக்கொண்டே முதல் கேள்வி கேட்டார். “சும்மா என்பது உங்கள் குடும்பப் பெயரா?”

ஒன்பது நிமிடத்தில் இதற்கு ஒரு நிமிடம்! போய் நாலு கேள்வி கேட்கலாமா என்று எனக்குக் கால் பரபரத்தது. சேகர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

அமலா கையால் சொல்லச் சொல்ல ஜெனிபரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “இல்லை சார். வேலை இல்லாமல் இருந்தாலும் தமிழில் சும்மாதான், காசு வாங்காமல் வேலை செய்தாலும் சும்மாதான். இரண்டையும் நான் செய்து முடித்துவிட்டேன். இனிமேல் சம்பளத்துக்கு வேலை செய்யலாம் என்று வந்திருக்கிறேன்.”

மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒழுங்காகக் கேள்வி கேட்டார்கள். தட்டச்சு வேகம், பிழை திருத்தும் முறை, நாவலூருக்கு எப்படி வந்து போவீர்கள் என்பது வரை. கடைசியில் நடுவில் இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தப்பாக நினைக்கக் கூடாது. உங்களோடு தொடர்புகொள்வதில் ஆபீஸில் சிக்கல் வரும். அதை எப்படிச் சமாளிப்பீர்கள்?”

அமலா நிதானமாகக் கையை அசைத்தாள்.

“இன்றைக்கு வந்தது சார். பதினோரு நிமிடம் உங்கள் ஆபீஸால் என்னைத் தொடர்புகொள்ள முடியவில்லை. எனக்குக் காது கேட்காததால் இல்லை. அதை நான்தான் சரிசெய்தேன்.”

அந்த இளம்பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

நேற்று மாலை சேகர் ஒரு கிலோ இறாலோடு இறங்கி வந்தான். பின்னாலேயே அமலா, போனை நீட்டிக்கொண்டு. வேலை கிடைத்துவிட்டது! மெயிலைத் திறந்து காட்டினாள். பதவி, சம்பளம், சேர வேண்டிய தேதி எல்லாம் இருந்தது. வாழ்த்துகளும் இருந்தன. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். கடைசி வரியை அதற்கப்புறம்தான் படித்தேன்.

‘பணியில் சேரச் சம்மதம் என்பதை, தாங்களே கீழ்க்கண்ட எண்ணுக்கு போன் செய்து, வாய்மொழியாக உறுதிப்படுத்த வேண்டும்.’

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அமலாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன்.

பதில் வந்தது: “உங்களுக்குத்தானே அக்கா இதெல்லாம் முதல் தடவை!”